எயிற்பட்டினத்து விருந்தும் டாலர் விருந்தினரும்

ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பாடிப் பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவன், வறுமையோடு எதிர்வரும் மற்றொரு பாணனுக்கு வழி சொல்வதாக அமைந்தது சிறுபாணாற்றுப்படை. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு இன்றைய மரக்காணத்துக்கு வடக்கே, கடலுக்கும் கழிக்கும் இடையில் கிடக்கும் நிலம். ஆதலின் புலவர் தம் ஊர்ப்பக்கத்துக் கடற்கரையையே பாடினார் எனக் கொள்வதில் பிழையில்லை. பாணன் சொல்லும் வழியில் முதலில் வரும் ஊர் எயிற்பட்டினம். அங்கே பரதவர் வந்தவனுக்குப் பழந்தேறலும் சுட்ட உலர்மீனும் தந்து உபசரிப்பர். பாணனிடம் காசு இல்லை. எவரும் கேட்பதும் இல்லை. இந்தக் கரைக்கு வந்து சேர்ந்த வழிப்போக்கனைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய சித்திரங்களுள் இது ஒன்று.

எயிற்பட்டினமே மரக்காணம் என்று ஆய்வாளர் பலர் கருதுவர். எயில் என்பது மதில். 'சோ' என்பதும் மதிலே. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரியக் கடலின் பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழி நூல் இக்கரையில் கமரா, பொதுகா, சோபத்மா என மூன்று துறைகளைச் சொல்கிறது. கமரா காவிரிப்பூம்பட்டினம் என்றும், பொதுகா புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு என்றும், சோபத்மா சோப்பட்டினமாகிய மரக்காணம் என்றும் பொருத்திக் காட்டுவர். புலவர் பாடிய ஊரும் மாலுமி குறித்த துறையும் இவ்வாறு ஒன்றாகின்றன.

அந்நாளில் கடல் கடந்து வந்தோர் நாணயத்தோடு வந்தனர். இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸுக்குக் குறையாமல் உரோமப் பேரரசின் செல்வத்தை உறிஞ்சிவிடுகிறது என்று பிளினி எழுதினார். அந்நாணயத்தை வாங்கியவர்களும் ஏமாளிகள் அல்லர். கி.பி. 64இல் நீரோ மன்னன் வெள்ளிக் காசின் எடையையும் மாற்றையும் குறைத்தான். தென்னிந்தியப் புதையல்களில் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்து நல்ல வெள்ளிக் காசுகளே மிகுதி. நீரோவின் குறைப்புக்குப் பின் வந்தவை அரிது. மாற்றுக் குறைந்த காசைத் தமிழக வணிகர் விரும்பவில்லை என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களுள் ஒன்று. நாணயத்தின் வலிமையையும் மெலிவையும் எடைபோடும் அறிவு இக்கரைக்குப் புதிதன்று என்பதற்காகவே இதனை இங்கே சொல்ல நேர்ந்தது.

அந்த மாலுமியை ஈர்த்தது மிளகும் முத்தும் துணியும். இருபதாம் நூற்றாண்டில் வேறொரு வகைப் பயணி தோன்றினான். போகும் நாட்டின் பொருளோடு, அந்நாட்டின் நாணயம் தன் நாணயத்துக்கு முன் மெலிந்து நிற்கிறது என்பதும் அவனை அழைக்கும். நூறு ரூபாய்க்கு ஓர் அறை கிடைக்கும் ஊரில், அந்த நூறு ரூபாயை வாங்க நேற்று ஐந்து டாலர் கொடுத்தவன் இன்று நான்கு டாலர் கொடுத்தால் போதும் என்றால், ஊரும் அறையும் அப்படியே இருக்க, அவனுக்கு மட்டும் அது மலிந்துவிடுகிறது. பத்து நாள் தங்க எண்ணியவன் பன்னிரண்டு நாள் தங்குவான். வராதிருந்தவனும் வர நினைப்பான். விலைவாசி அதே வேகத்தில் ஏறிவிட்டால் இந்த ஆதாயம் கரைந்துபோகும். ஏறுவதற்கு எடுக்கும் இடைவெளிதான் பயணியின் பொற்காலம்.

இவ்வகைப் பயணிகளுள் எழுத்தாளர்க்குத் தனி இடம் உண்டு. முதல் உலகப்போருக்கு முன் ஒரு டாலருக்கு 5 பிராங்க் அளவிலிருந்த பிரெஞ்சு நாணயம், போருக்குப் பின் சரிந்து, 1926 ஜூலையில் 50ஐ நெருங்கியது. அமெரிக்க இளைஞர்கள் பாரிசுக்குப் பெயர்ந்தமைக்குக் கலைத்தாகம் காரணம் என்றே இலக்கிய வரலாறுகள் பேசும். மாற்று விகிதத்தையும் சேர்த்துப் பேசுவதே நேர்மை. ஹெமிங்வே அதனை மறைத்தவர் அல்லர். 1922இல் 'டொராண்டோ ஸ்டார்' ஏட்டுக்கு அவர் எழுதிய செய்திக் கட்டுரைகள் சிலவற்றின் பொருளே நாணய மாற்றுதான். பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரிலிருந்து ரைன் ஆற்றைக் கடந்து, ஜெர்மானிய மார்க் மலிந்து கிடந்த கேல் என்னும் சிற்றூருக்குச் சென்று வந்ததை அதிலொன்று விவரிக்கிறது. ஆற்றுக்கு இக்கரையிலிருந்து போன பிரெஞ்சுக்காரர் அங்குள்ள பலகாரக் கடையை மொய்த்து எல்லாவற்றையும் தின்று தீர்க்கின்றனர். கடை காலியாகியும் கடைக்காரர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. அவர் பலகாரம் சுடும் வேகத்தைவிட மார்க் விழும் வேகம் அதிகம். மெலிந்த நாணயமும் அயல்நாட்டு விருந்தினரும் பற்றிய பொருளியல் நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை அந்தக் கடைக்காரர் முகம் சொல்லிவிடுகிறது. நான்காண்டுகள் கழித்து அதே நிலை பாரிசுக்கு வந்தபோது, அமெரிக்கப் பயணிகளை ஏற்றிச் சென்ற பேருந்துகளைச் சூழ்ந்து அந்நகர மக்கள் ஏளனக் கூச்சலிட்டனர்.

இந்திய ரூபாயின் கதைக்கு வருவோமாயின், 1966 ஜூன் 6 முதல் நாள். டாலருக்கு 4 ரூபாய் 76 காசு என்றிருந்தது 7 ரூபாய் 50 காசு என்றாக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் தோன்றியது. அந்நியச் செலாவணிப் பஞ்சம் நிலவிய அக்காலத்தில், பண்டத்தை ஏற்றி அனுப்பாமலே டாலர் ஈட்டும் வழியாகச் சுற்றுலாவை அரசு கருதியது. கடற்கோயிலும் தேரும் குகையும் நின்ற இடத்திலேயே நின்று ஏற்றுமதியாயின எனலாம்.

1991ஆம் ஆண்டின் மதிப்பிறக்கம் இன்னும் கடுமையானது. செலாவணிக் கையிருப்பு வற்றிப்போக, ஜூலை 1ஆம் நாளும் 3ஆம் நாளும் இரு கட்டங்களாக ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. டாலருக்கு ஏறத்தாழ 21 ரூபாய் என்பது 26 ஆயிற்று. அதே மாதம் சுமார் 47 டன் பொன் இங்கிலாந்து வங்கிக்கு விமானத்தில் அடகுக்குச் சென்றது. பிளினி இருந்து கண்டிருந்தால் கணக்கு நேராயிற்று என்றிருப்பார். 1993 மார்ச்சில் மாற்று விகிதம் சந்தையின் கையில் விடப்பட்டபோது டாலர் 31 ரூபாயை ஒட்டி நின்றது. இரண்டே ஆண்டுகளில் வெளிநாட்டவர் கையில் இருந்த டாலர் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ரூபாயாயிற்று.

அவ்வளவுக்கு விருந்தினர் பெருகினரா? 1990இல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 17 லட்சத்து 10 ஆயிரம் பேர். மதிப்பிறக்கம் நிகழ்ந்த 1991இல் அத்தொகை கூடவில்லை. 16 லட்சத்து 80 ஆயிரமாகக் குறைந்தது. ஆண்டின் தொடக்கத்தில் வளைகுடாப் போர். மே 21இல் மரக்காணத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலை. 1992இல் தொகை சுமார் 18 லட்சத்து 70 ஆயிரமாக உயர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அயோத்தி, தொடர்ந்து பம்பாய்க் கலவரமும் குண்டுவெடிப்பும். 1993இல் மீண்டும் இறக்கம். 1995இல்தான் 21 லட்சம் தாண்டியது. ரூபாய் மலிந்தது அழைப்புத்தான். அச்சம் நின்ற ஆண்டுகளில் அந்த அழைப்பை ஏற்க ஆளில்லை. இலங்கை இதனை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் டாலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்த அந்நாட்டு நாணயம் மே மாதத்துக்குள் 360ஐ எட்டியது. பெட்ரோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நிற்கும் நாட்டுக்கு மலிவு என்று எவர் போவார்? அவ்வாண்டு வந்தோர் 7 லட்சத்து 20 ஆயிரம் பேர்தாம். வரிசைகள் மறைந்த பின்னரே 2023இல் அது இரு மடங்காயிற்று. மாறாக, அமைதியும் ரயிலும் குறைவற்ற ஜப்பானில் யென் மட்டும் மெலிந்தது. 2024இல் அங்கு 3 கோடியே 68 லட்சம் பேர் குவிந்தனர்.

இனி, மலிந்த ரூபாயின் ஆதாயம் யாரைச் சேர்ந்தது என்பதைப் பார்த்தல் வேண்டும். தொண்ணூறுகளில் பெரிய விடுதிகள் உள்நாட்டவர்க்கு ரூபாயிலும் வெளிநாட்டவர்க்கு டாலரிலும் இரு கட்டணப் பட்டியல் வைத்திருந்தன. டாலரில் விலை குறித்துவிட்டால் ரூபாய் எவ்வளவு விழுந்தாலும் பயணிக்கு மலிவு இல்லை. விடுதிக்காரருக்கே கூடுதல் ரூபாய். அரசும் அவ்வழியே சென்றது. 2000ஆம் ஆண்டில் தொல்லியல் துறை நினைவுச் சின்னங்களுக்கு வெளிநாட்டவர் நுழைவுக் கட்டணத்தை டாலர்க் கணக்கில் நிர்ணயித்தது. இன்றும் மாமல்லபுரத்தில் உள்நாட்டவர்க்கு 40 ரூபாய், அயல்நாட்டவர்க்கு 600 ரூபாய். ஆக, ரூபாய் மெலிவின் முழு இனிமையும் தேநீர்க் கடையிலும், வாடகை மிதிவண்டியிலும், மீனவர் தெருவின் மாடி அறையிலும், தெருவோரச் சிற்பியின் சிறு கல் யானையிலும்தான் கிடைத்தது. முதுகுச் சுமையோடு வந்த இளைஞனே அதனை முழுதாகச் சுவைத்தான். அந்தச் சிற்பிக்கும் அறை வாடகை பெற்ற குடும்பத்துக்கும் அவன் வரவால் வாழ்வு வந்தது என்பதை மறுப்பது அநியாயம். மாமல்லபுரம் 1984இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. 2021-22இல் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களுள் வெளிநாட்டவர் மிகுதியாகக் கண்டது தாஜ்மகாலை அன்று, மாமல்லபுரத்தைத்தான். 1 லட்சத்து 44 ஆயிரத்துக்கு மேற்பட்டோர்.

வடக்கே மாமல்லபுரம், தெற்கே புதுச்சேரியும் ஆரோவில்லும், இடையில் மரக்காணம். சோழர் கல்வெட்டுகளில் பேரளம் என்னும் பெயரோடு வரும் ஊர் இது. பூமீசுவரர் கோயிலைச் சுற்றிய இந்நிலத்தில் இன்றும் 3 ஆயிரம் ஏக்கருக்கு மேல் உப்பளம் விரிந்து கிடக்கிறது. சென்னை நோக்கி உப்பும் விறகும் சென்ற பக்கிங்காம் கால்வாய் இங்கேதான் முடிகிறது. கால்வாய்ப் படகுகள் மறைந்தன. கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தது. அச்சாலையில் பயணிகளின் வண்டிகள் இரு நகரங்களுக்கும் இடையே ஓடுகின்றன. உப்புக் குவியல்களைப் படம் எடுக்கச் சிலர் இறங்குவர். அருகிலுள்ள கழுவெளி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பின் பறவை காண்போர் சிலர் வருகின்றனர். மற்றபடி டாலர் இவ்வூர் வழியே செல்கிறதே அன்றி இவ்வூரில் இறங்குவதில்லை.

ரூபாயின் வீழ்ச்சி மட்டும் தவறாமல் இறங்குகிறது. கச்சா எண்ணெய் டாலரில் வாங்கப்படுவது. உவர்நீர் இறைக்கும் எந்திரத்துக்கும் உப்பேற்றும் லாரிக்கும் டீசல் வேண்டும். 1993இல் 31 ரூபாயாக இருந்த டாலர் 2022இல் 80ஐத் தாண்டியது. கூலிக்கு உப்பு வாருபவர் ரூபாயில் பெற்று ரூபாயில் செலவழிப்பவர். அவரிடம் டாலர் இல்லை, அவர் விளைவிப்பதை டாலர் கொடுத்து வாங்குவாரும் இவ்வூரில் இல்லை. உப்பையும் நெல்லையும் ஒன்றுக்கொன்று நிகராக மாற்றிய உமணர் காலத்தை அகநானூறு காட்டுகிறது. அந்த மாற்று விகிதத்தில் உப்புக்கு இருந்த மதிப்பு இன்று எண்ணிப் பார்க்கவும் இயலாதது.

பருவமும் இதற்கேற்பவே அமைந்துவிட்டது. உப்பு விளைவது கோடையில். வடகிழக்குப் பருவமழை இறங்கினால் பாத்திகள் நீரில் மூழ்கி வேலை நின்றுவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான அம்மாதங்களுக்கு ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் நிவாரணம் தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2022இல் தொடங்கியது. ஐரோப்பியர் குளிருக்கு அஞ்சிப் பெருமளவில் இங்கு வருவது டிசம்பரிலும் ஜனவரியிலும். அவர்கள் மரக்காணத்தைக் கடக்கும்போது அளங்களில் வெண்மை இருப்பதில்லை. மழைநீர் வடிந்த சேற்றில் இறங்கி, அடுத்த கோடைக்கு வரப்புக் கட்டிக்கொண்டிருப்பவர்களே இருப்பார்கள்.