ஜிசேல் அலிமி

ஜிசேல் அலிமி (27 ஜூலை 1927 – 28 ஜூலை 2020) துனீசியாவில் பிறந்த பிரெஞ்சு வழக்கறிஞர், பெண்ணியவாதி, நாடாளுமன்ற உறுப்பினர். கட்சிக்காரருக்காக வாதாடுவதோடு நில்லாமல், அவரைக் கூண்டில் ஏற்றிய சட்டத்தையே விசாரணைக்கு இழுப்பது இவர் பாணி.

துனிஸை அடுத்த லா குலெத் துறைமுகத்தில், வசதியில்லாத யூதக் குடும்பத்தில் பிறந்தார். பெண் பிறந்த ஏமாற்றத்தில் தந்தை பிறப்பையே சில நாள் மறைத்தாராம். சகோதரர்களுக்குப் பணிவிடை செய்ய மாட்டேனென்று சிறுமியாக இருந்தபோதே பட்டினி கிடந்து சாதித்தார். பாரிஸில் சட்டமும் தத்துவமும் படித்து, 1949இல் துனிஸில் தொழிலைத் தொடங்கினார்.

1960இல் அல்ஜீரிய விடுதலைப் போராளி ஜமீலா பூபாஷாவின் வழக்கை ஏற்றார். வெடிகுண்டு வைத்ததாகக் கைதான ஜமீலாவைப் பிரெஞ்சுப் படையினர் வதைத்து வன்புணர்ந்திருந்தனர். அலிமி, எழுத்தாளர் சிமோன் த பூவாவை ‘லெ மோந்த்’ நாளிதழில் எழுதவைத்து, சித்திரவதையை நாடறியச் செய்தார். 1962 பொதுமன்னிப்பில் ஜமீலா விடுதலையானார்.

இவர் பெயரை நிலைநிறுத்தியது 1972இன் பொபிஞி வழக்கு. வன்புணர்வால் கருவுற்று, கருவைக் கலைத்த 16 வயது மரி-கிளேரைக் காவல்துறையிடம் காட்டிக்கொடுத்தவன் அந்தக் குற்றத்தைச் செய்தவனே. அக்டோபரில் சிறுமி விடுதலையானாள். அடுத்த மாதம் தாயும் உதவிய பெண்களும் கூண்டேறினர். நோபல் பரிசாளர் ஜாக் மொனோவைச் சாட்சிக்கு அழைத்த அலிமி, பெண்ணின் உடலைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் இருக்கைகளில் ஆண்களே அமர்ந்திருப்பதை நீதிபதிகளின் முகத்துக்கு நேரே சுட்டினார். தானும் கருக்கலைப்புச் செய்துகொண்டவள் என்று வழக்கறிஞர் அங்கியோடு நின்று சொன்னார். தொழிலுக்கே ஆபத்தான பேச்சு அது. தாய்க்குக் கிடைத்தது 500 பிராங்கு அபராதம், அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. 1975இல் கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கிய வேய் சட்டம் வந்தது. 1978இல் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸில் இவர் நடத்திய வன்புணர்வு வழக்கு, வன்புணர்வு குறித்த 1980ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்கு வழிவிட்டது.

அரசியல் அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை. பூவாவுடன் சேர்ந்து இவர் நிறுவிய ‘ஷுவாசீர்’ அமைப்பு 1978 தேர்தலில் நிறுத்திய பெண்களில் ஒருவரும் வெல்லவில்லை. 1981இல் சோசலிஸ்டுகளின் ஆதரவுடன் ஈசேர் பகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். ஒருபாலுறவினரைப் பாகுபடுத்திய சட்டப்பிரிவை 1982இல் நீக்கியதில் முன்னின்றார். நகராட்சித் தேர்தல் பட்டியலில் ஒரே பாலினத்தவர் 75 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற இவரது திருத்தத்தை அவை ஏற்றது. அரசியலமைப்பு மன்றமோ அதே ஆண்டு நவம்பரில் ரத்து செய்தது. அந்தத் தடையைக் கடக்க 1999இல் அரசியலமைப்பையே திருத்த வேண்டியதாயிற்று.

பின்னர் யுனெஸ்கோவில் பிரான்சின் தூதராகப் பணியாற்றினார். 8 மார்ச் 2023இல் அரசு இவருக்கு அஞ்சலி செலுத்தியபோது, ஓய்வூதியச் சீர்திருத்தத்துக்கு எதிரான போராட்டம் சூடுபிடித்திருந்தது. பத்திரிகையாளரான மகன் செர்ழ் அந்த விழாவைப் புறக்கணித்தார்.