விலங்கின் அசைவும் உழைப்பின் வரலாறும்

கலைப்படைப்பொன்றிற் காணப்படும் மெய்ம்மைத் தோற்றத்தைக் கலைஞன் ஒருவனின் கூரிய நோக்கினால் மட்டும் விளைந்ததாகக் கொள்வது நீண்டகால வழக்கமாகும். அவ்வாறு கொள்ளுமிடத்து, அத்தோற்றத்தைச் சாத்தியமாக்கிய பொருளியல் நிலைமைகளும் உழைப்புறவுகளும் மறைந்துபோகின்றன. அசைவூட்டத் திரைப்படங்களில் விலங்குகளின் இயக்கம் சித்திரிக்கப்பட்ட வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரேவேளையில் நிலத்தைவிட்டு எழுகின்றனவா என்ற வினாவிற்கு, 1878இல் கலிபோர்னியாவிலே மைபிரிட்ஜ் என்பார் 12 கமராக்களை வரிசையாக நிறுத்தி விடைகண்டார். கால்கள் எழுவது உண்மையே. ஆயின் ஓவியர் வரைந்துவந்தவாறு அவை முன்னும் பின்னும் நீண்டிருக்கையிலன்று, வயிற்றின் கீழ் மடங்கியிருக்கையிலேயே எழுகின்றன என்பது தெளிவாயிற்று. இம்முயற்சிக்குப் பணம் வழங்கியவர் புகையிரத முதலாளியும் பந்தயக் குதிரைகளின் உரிமையாளருமான ஸ்ரான்போர்ட் ஆவார். 1882இல் அவரது ஆதரவில் வெளிவந்த நூலில் மைபிரிட்ஜுக்கு உரிய இடம் அளிக்கப்படவில்லை. அவர் தொடுத்த வழக்கும் தோல்வியுற்றது. பின்னர் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் உதவியுடன் 1887இல் அவர் வெளியிட்ட 781 படத்தட்டுகள் அசைவூட்டக் கலைஞரின் கைநூலாயின.

வோல்ற் டிஸ்னியின் நிறுவனம் 1937இல் வெளியிட்ட 'ஸ்னோ வைற்' படத்து மான்கள் எலும்பற்றவை போன்றே காணப்பட்டன. 1942இல் வெளிவந்த 'பாம்பி'யில் இக்குறையை நீக்குவதற்காக, உயிருள்ள மான்குட்டிகள் இரண்டு கலைக்கூடத்திற்குக் கொண்டுவரப்பட்டன. இத்தாலியிற் பிறந்த ஓவியர் றிக்கோ லெப்ரூன், இறந்த மான்குட்டியொன்றைத் தோல், தசை, எலும்பு எனப் படிப்படியாக அகற்றிக்காட்டி உடற்கூற்றியல் கற்பித்தார்.

ஆயினும் அறிவு மாத்திரம் அசைவைப் படைப்பதில்லை. திரையில் ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. முதன்மை நிலைகளை மூத்த கலைஞர் வரைய, இடைப்பட்ட நிலைகளைக் கீழ்நிலை ஓவியர் நிரப்பினர். மையும் வர்ணமும் தீட்டியோர் பெரும்பாலும் பெண்களே. 'பாம்பி' உருவாகிக்கொண்டிருந்த வேளையிலே, தொழிற்சங்கத்தில் முன்னின்ற ஆர்ட் பபிற் பணிநீக்கம் செய்யப்பட்டதையடுத்து, 1941 மே 29இல் வேலைநிறுத்தம் வெடித்தது. முடிவில் நிர்வாகம் சங்கத்தை அங்கீகரிக்க நேர்ந்தது. சீனத்திலே பிறந்து, இடைநிலை ஓவியராகச் சேர்ந்து, அப்படத்தின் வனக்காட்சிகளுக்குச் சீன ஓவிய மரபின் சாயலை வழங்கிய ரைறஸ் வொங், வேலைநிறுத்தத்திற் பங்குகொள்ளாதிருந்தும் அதன் பின்விளைவாக வேலையிழந்தார். படத்திலே அவர் பெயர் பின்னணி ஓவியர் பலருள் ஒன்றாகவே இடம்பெற்றது.

இவ்விடத்திலே இயற்பண்புவாதத்திற்கும் யதார்த்தவாதத்திற்கும் உள்ள வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது. 'பாம்பி'யின் மான் எலும்பாலும் நடையாலும் மானே. அதன் முகபாவங்களோ மனிதக் குழந்தையினுடையவை. வேட்டையாடும் 'மனிதன்' திரையில் ஒருபோதும் தோன்றுவதில்லை. வெடியோசையாகவும் அச்சமாகவுமே அவன் உணர்த்தப்படுகிறான். அவன் எச்சமூகத்தவன், எதற்காக வேட்டையாடுகிறான் என்ற வினாக்கள் எழுவதில்லை. புறத்தோற்றத்தில் இத்துணை நுட்பம் காட்டிய கலை, சமூக உறவைப் பொறுத்தவரை அருவமாகிவிடுகிறது.

இதனால் அக்கலைஞரின் சாதனை சிறுமைப்படாது. மாறாக, அச்சாதனை எத்தனை கைகளின் கூட்டுழைப்பு என்பதை உணரும்போதே அதன் முழுப் பெறுமதியும் புலனாகும். கலைவரலாறு எழுதுவோர் படைப்பை மட்டுமன்றி, அதனைப் படைத்தோரின் வேலைத்தலத்தையும் ஆராய்தல் வேண்டும் என்பதே எமது கருத்தாகும்.