உத்தியோகத்துக்காக உரைத்த விசுவாசம்

நமது சங்கத்தின் பாலர் பாடசாலைக்கு ஆசிரியை ஒருவர் தேவை என்று விளம்பரம் வரையப் புகுந்த கூட்டத்தில், "விண்ணப்பதாரி சைவ சமயத்தில் உறுதியான நம்பிக்கை உடையவரென எழுத்தில் உறுதி தருதல் வேண்டும்" என்றொரு வரியைச் சேர்க்குமாறு பெரியவர் ஒருவர் பிரேரித்தார். இளைஞர் சிலர் ஆமோதித்தனர். நாம் வாய் திறவாதிருந்தோம். ஆமோதிக்க மனம் வரவில்லை. மறுப்பதற்குப் போதிய நியாயமும் அன்று கைவசம் இருக்கவில்லை. வீடு சேர்ந்தபின் பழைய சரித்திரத்தைப் புரட்டினோம். அதன் பயனே இக்கட்டுரை. மிசன் பாடசாலையிற் படித்த பிள்ளை இப்படித்தான் எழுதும் என்று பெரியோர் நகைப்பரேல், முழுவதையும் வாசித்தபின் நகைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

கூலி கொடுப்பவன் கூலிக்காரனின் கையுழைப்பை மட்டுமன்றி அவன் உள்ளத்து நம்பிக்கையையும் கேட்கலாமா என்பது புதிய வினாவன்று. நமது துறைமுகக் கரையிலேயே அவ்வினா முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடமாடி வருகின்றது.

பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பிய கதை இவ்வூர்ப் பாலரும் அறிந்தது. அவர்கள் கோயிலை இடித்தார்கள். அவர்க்குப் பின் வந்த ஒல்லாந்தர் கையாண்ட முறை வேறு. 1639 இல் அவர்கள் இக்கோட்டையைப் பிடித்தனர். இடையிற் கைவிட்டதும் மீண்டும் வந்ததுமாக 1795 வரை இத்துறைமுகம் பெரும்பாலும் அவர்கள் வசமே இருந்தது. ஒன்றை இங்கு மறத்தலாகாது. நம்மை ஆண்டது ஒல்லாந்த அரசு அன்று. 1602 இல் நிறுவப்பட்ட ஒரு வர்த்தகக் கம்பெனி. கறுவாவும் யானையும் விற்று இலாபம் பார்த்த அக்கம்பெனியே நாட்டின் ஆட்சியாளனும் முதலாளியுமாக விளங்கியது. ஆகவே அதன் கட்டளையை, ஒரு முதலாளி தன் வேலையாட்களுக்கு விதித்த நிபந்தனையாகவே நாம் வாசிக்கலாம்.

அந்நிபந்தனை யாது? ஞானஸ்நானம் பெற்றுச் சீர்திருத்தச் சபையிற் சேர்ந்து, ஹெல்வெற்றிக் விசுவாச அறிக்கை என்னும் பத்திரத்துக்குச் சம்மதம் தெரிவித்தாலன்றி எவரும் முதலியார் பதவி பெறவோ, கம்பெனியின் கீழ் உத்தியோகம் வகிக்கவோ, நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கவோ இயலாது என்பதாம். குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் தெனன்ற், இலங்கையிற் கிறித்தவம் பற்றி 1850 இல் வெளியிட்ட நூலில் இதனை ஒளிக்காமல் எழுதியுள்ளார். ஹெல்வெற்றிக் அறிக்கை என்பது பதினாறாம் நூற்றாண்டிற் பனிமலை சூழ்ந்த சுவிஸ் நாட்டிலே, அந்நாட்டுச் சபைகளின் வழக்குகளைத் தீர்ப்பதற்காக அறிஞர் வரைந்த பத்திரம். உப்புக்காற்றிலும் வயற்சேற்றிலும் வளர்ந்த நமது உடையார் ஒருவர் அதிலுள்ள நுட்பங்களை எண்ணி எண்ணித் தெளிந்து சம்மதித்திருப்பார் என்று எவரேனும் நம்புவாராயின் அவருடைய நம்பிக்கையே பெரியது.

உத்தியோகம் வேண்டாதவனும் தப்பவில்லை. பிறப்பும் திருமணமும் பாடசாலைத் தோம்பிற் பதியப்படும். பதிவில்லையேற் சொத்துரிமைக்கு இடர் வரும். அத்தோம்பை வைத்திருந்த பள்ளி உபாத்தியாயரோ கம்பெனியிற் சம்பளம் பெறும் சேவகர். கத்தோலிக்கர் பட்ட பாடும் சிறிதன்று. அவர்தம் குருமாருக்கு 1658 இலேயே நாட்டில் இடமில்லையென ஆணை பிறந்துவிட்டது. சைவர் மாத்திரமே துன்புற்றனர் என்று நம்மவர் மேடைகளிற் பேசுவது சரித்திரத்துக்குப் பொருந்தாது.

ஆயின் கம்பெனி பெற்ற பலன் என்ன? விரதம் இருந்து உண்ட வாழையிலையை வெளியில் எறியாது கூரையிற் செருகி மறைத்த கதையை நம் பாட்டிமார் இன்றும் சொல்வர். கோணநாயகர் தம்பலகாமத்திலே கோயில் கொண்டார் என்பது மரபு. மண்ணுள் மறைந்திருந்த விக்கிரகங்கள் 1950 இற் கிணறு வெட்டியபோது வெளிப்பட்டன. மக்கள் மறைத்து வைத்தவை விக்கிரகங்கள் மட்டும் அல்ல. ஆங்கிலேயர் வந்து, 1799 இல் தேசாதிபதி நோர்த் மனச்சாட்சிச் சுதந்திரத்தைப் பிரகடனம் செய்ததும், தோம்பிலே கிறித்தவராயிருந்தோர் திரள் திரளாகத் தம் பழைய கோயில்களுக்குத் திரும்பினர். 1806 இல் தேசாதிபதி மெயிற்லண்ட் கத்தோலிக்கர்மீது இருந்த தடைகளையும் நீக்கினார். இங்கிலாந்திலுள்ள கத்தோலிக்கருக்கு அவ்வுரிமை 1829 இலேதான் கிட்டிற்று. தன் வீட்டிற் செய்யாததை ஆங்கிலேயன் நம் வீட்டில் முந்திச் செய்தான் என்பது வியப்பே.

சட்டம் போனது, பழக்கம் போகவில்லை. மிசன் பாடசாலைகள் எழுந்த காலத்தில் ஆசிரிய உத்தியோகம் மனேசரின் கையில் இருந்தது. சம்பளப் பணத்தை அரசாங்கம் கொடுக்க, நியமனத்தை அவர் கொடுப்பார். இவ்விடத்தில் எமது குடும்பக் கதை ஒன்றைக் கூற அனுமதி வேண்டுகிறோம். எமது பூட்டனார் 1930களில் இம்மாவட்டத்துப் பாடசாலை ஒன்றிற் கணக்கு ஆசிரியர். நியமனம் நிரந்தரமாக வேண்டுமாயின் விசுவாசத்தை எழுதித் தர வேண்டும் என்றார்கள். வீட்டிற் பிள்ளைகள் ஏழு பேர். எழுதிக் கொடுத்தார். இடாப்பிலே அவருக்கு ஒரு பெயர், வீட்டிலே ஒரு பெயர். காலையிற் பூசிய திருநீற்றைப் பாடசாலைக்குப் போகும் வழியிலுள்ள கிணற்றடியிற் கழுவிவிடுவாராம். "பொய் சொல்லாதே என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும்போது கரும்பலகையைப் பார்த்துக்கொண்டுதான் சொல்லுவேன்" என்று பிற்காலத்திற் சொன்னதாக எமது பாட்டனார் கூறுவார். 1960 இலும் 1961 இலும் வந்த சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகள் பலவும் அரசாங்கத்தின் வசமாயின. அதன்பின் ஒருநாள் அவர் திருநீற்றுடனே அதே வகுப்புக்குப் போனார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லையாம். அதுவே அவருக்கு மிகுந்த வருத்தம்.

எல்லா மிசனரிமாரும் அவ்வாறிருந்தனர் என்றால் நாம் நன்றி கொன்றவராவோம். யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பாடசாலையிற் பேர்சிவல் பாதிரியார், ஆறுமுக நாவலரைச் சைவராகவே வைத்து ஆசிரியராக்கினார். விவிலிய மொழிபெயர்ப்பிலும் அவர் துணையைக் கொண்டார். நாவலர் 1848 இல் தாமே விலகி, வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். நம் ஊருக்கு இன்னும் அணுக்கமான சான்று விபுலாநந்த அடிகள். துறவு பூணுமுன், 1917 இல், அவர் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். கத்தோலிக்கக் கல்லூரி, சைவ ஆசிரியர். அவரே பின்னர் திருகோணமலை இந்துக் கல்லூரியை இராமகிருஷ்ண மிசன் ஏற்றபோது அதனை வழிநடத்தினார். விசுவாசப் பத்திரம் கேட்ட கம்பெனிக்குக் கிடைத்தோர் தோம்புக் கிறித்தவர். கேளாதோர்க்கு ஒரு நாவலரும் ஒரு விபுலாநந்தரும் கிடைத்தனர்.

இனி இக்காலச் சட்டம். 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தை எவ்வித வரையறையுமின்றி வழங்குகின்றது. ஆயின் அடிப்படை உரிமை வழக்கு அரசாங்கத்தின் செயலுக்கு எதிராகவே செல்லும். தனியார் பாகுபாட்டைத் தடுக்கும் வாசகமோ கடை, உணவகம், ஹோட்டல், களியாட்ட இடம், தன் மத வழிபாட்டிடம் என்பவற்றோடு நின்றுவிடுகின்றது; வேலை அதில் இல்லை. 1998 இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சர்வதேசத் தொழில் தாபனத்தின் 111 ஆம் சமவாயம், மதத்தையும் அரசியற் கருத்தையும் காரணமாகக் கொண்டு தொழிலிற் பாகுபாடு செய்தலை மறுக்கின்றது. அவ்வேலைக்கே இயல்பாக வேண்டிய தகைமையைக் கேட்பது மட்டும் பாகுபாடாகாது என்கிறது. கோயிற் குருக்கள் சைவராயிருத்தல் வேண்டும் என்பதை யார் மறுப்பார்? கோயிற் கணக்கெழுதுபவர் பற்றி அவ்வாறு சொல்லலாமா?

அரசாங்கமும் இப்பழியினின்று முற்றும் நீங்கியதன்று. 1983 ஆகஸ்டில் நிறைவேறிய ஆறாந் திருத்தம், நாட்டினுள் தனிநாடு அமைவதை ஆதரிக்கவோ ஊக்குவிக்கவோ மாட்டேன் என அரசாங்க உத்தியோகத்தரும் வழக்கறிஞரும் சத்தியம் செய்தல் வேண்டுமென விதித்தது. பாராளுமன்றத்தில் அமர்வதற்கும் அதுவே விதி. சபைக்குச் செல்லாது ஆசனம் இழந்தோருள் நமது தொகுதியின் இரா. சம்பந்தனும் ஒருவர். இது செயலைப் பற்றிய வாக்குறுதியேயன்றி நம்பிக்கையைப் பற்றியதன்று என வாதிப்பார் உளர். செயலுக்குத் தண்டனை வேறு சட்டங்களில் இருக்க, சம்பளத்தோடு சத்தியத்தைப் பிணைப்பது ஏன் என்பதே எமது ஐயம். மாத முடிவிற் சம்பளத்தை எதிர்பார்த்திருக்கும் எழுதுவினைஞர் இடும் கையெழுத்திலிருந்து அவர் உள்ளத்தை எவர் வாசித்தறிவார்?

அடுத்த கூட்டத்தில் இவற்றுட் சிலவற்றை எடுத்துரைத்தோம். "அப்படியானால் தேவாரம் ஆர் தம்பி படிப்பிக்கிறது?" என்று அப்பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. தேவாரம் பண்ணோடு பாடவும் பாலர்க்குச் சொல்லிக்கொடுக்கவும் வல்லவராயிருத்தல் வேண்டும் என எழுதுவோம் ஐயா, நேர்முகத்தில் பாடச் சொல்லிக் கேட்போம் என்றோம். பாடத் தெரிந்தவர் நெஞ்சில் என்ன இருக்கிறதென்று எப்படித் தெரியும் என்றார். எழுதித் தந்தால் மட்டும் தெரியுமா என்றோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, யோசிப்போம் என்றார். விளம்பரம் இன்னும் வெளியாகவில்லை.