குற்றம் நிரூபணமானாலும் சிறை இல்லையா? ‘ப்ரொபேஷன்’ எப்படி வேலை செய்கிறது?

ஆபீஸில் ‘ப்ரொபேஷன்’ என்றால் நமக்குத் தெரியும்: முதல் ஆறு மாசம், வேலை நிரந்தரமாகுமா ஆகாதா என்ற பதற்றம். நீதிமன்றத்திலும் அதே சொல் இருக்கிறது. குற்றவாளி என்று தீர்ப்பு வந்த ஒருவரை ஜெயிலுக்கு அனுப்பாமல், வெளியில் வைத்தே சோதித்துப் பார்ப்பது.

ஜாமீன், பரோல் இரண்டோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஜாமீன் பொதுவாகத் தீர்ப்புக்கு முன்பு. பரோல், தண்டனையின் நடுவே தற்காலிகமாக வெளியே வருவது. ப்ரொபேஷன், தீர்ப்புக்குப் பிறகு, சிறைக்கதவுக்கு முன்பு.

சட்டம் என்ன சொல்கிறது?

அன்றைய சென்னை மாகாணம் 1936-லேயே இதற்குத் தனிச் சட்டம் இயற்றியது. நாடு முழுக்கப் பொருந்தும் சட்டம் 1958-இல் வந்தது.

ஒரு உதாரணம் பார்ப்போம். 20 வயது இளைஞர், டெலிவரி வேலை. கடன் நெருக்கடியில் ஒரு கடையிலிருந்து செல்போனை எடுத்துவிட்டார், மாட்டிக்கொண்டார். இது முதல் தப்பு. நீதிபதிக்கு மூன்று வழிகள் உண்டு. கண்டித்து விட்டுவிடலாம் (பிரிவு 3). அதிகபட்சம் மூன்று ஆண்டுக்கு நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கி அனுப்பலாம் (பிரிவு 4). சிறைக்கும் அனுப்பலாம்.

பிரிவு 4-இல் குறைந்தது ஓராண்டுக் கண்காணிப்பையும் சேர்க்கலாம். குடிக்கக் கூடாது, சொன்ன ஊரில் தங்க வேண்டும் போன்ற நிபந்தனைகள் வரலாம். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரவும் உத்தரவிடலாம். மரண தண்டனை, ஆயுள் தண்டனை விதிக்கக்கூடிய குற்றங்களுக்கு இது கிடையாது.

போலீஸா, வழிகாட்டியா?

நன்னடத்தை அலுவலரின் வேலை தீர்ப்புக்கு முன்பே தொடங்குகிறது. குற்றவாளியின் வீடு, வேலை, குடும்பச் சூழலை விசாரித்து நீதிமன்றத்துக்கு ரகசிய அறிக்கை தருவார். விடுவிப்புக்குப் பிறகு கண்காணிப்பார். அதே சட்டம், முடிந்தால் வேலை தேடித் தரும் பொறுப்பையும் அவரிடமே கொடுக்கிறது.

சிக்கலும் இங்கேதான். நம் டெலிவரி இளைஞருக்கு வேலை போய்விட்டது, மறுபடி குடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை அலுவலரிடம் சொன்னால் உதவி கிடைக்கலாம். நிபந்தனையை மீறியதாக நீதிமன்றத்துக்கும் போகலாம். பயம் இருந்தால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். உண்மை தெரியாவிட்டால் உதவவும் முடியாது.

இதற்குச் சட்டத்திலேயே கொஞ்சம் இடம் இருக்கிறது. மீறினால் உடனே சிறை என்று கட்டாயமில்லை. முதல் மீறல் என்றால், 50 ரூபாய் வரை அபராதம் விதித்துப் பத்திரத்தைத் தொடர விடலாம். 1958-இல் எழுதிய தொகை அது, இன்னும் மாறவில்லை. சூழலுக்கு ஏற்ப நிபந்தனைகளை மாற்றவும் நீதிமன்றத்தால் முடியும்.

இந்த அலுவலர்கள் எந்தத் துறையின் கீழ் வருகிறார்கள் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தமிழ்நாட்டில் சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை, கேரளத்தில் சமூகநீதித் துறை.

21 வயதுக் கோடு

21 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பிரிவு 6 கூடுதல் பாதுகாப்பு தருகிறது. ஆயுள் தண்டனை வரக்கூடிய குற்றம் தவிர மற்றவற்றில், நன்னடத்தை அலுவலரின் அறிக்கையை நீதிமன்றம் கேட்டே ஆக வேண்டும். அதற்குப் பிறகும் சிறைதான் என்றால் காரணத்தை எழுத வேண்டும்.

ஆனால் எந்த நாளின் வயது? குற்றம் நடந்த நாள் அல்ல, விசாரணை நீதிமன்றம் குற்றவாளி என்று முடிவு செய்யும் நாள் என்று 1962-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 19 வயதில் செய்த திருட்டுக்கு 23 வயதில் தீர்ப்பு வந்தால் பிரிவு 6 கைநழுவிவிடும். வழக்கு இழுத்த தாமதத்துக்கு அவர் விலை கொடுக்கிறார். பிரிவு 4 மட்டும் அப்போதும் கேட்கலாம்.

யாருக்குக் கிடைப்பதில்லை?

பத்திரம் எழுத, அவருக்கோ ஜாமீன்தாரருக்கோ நிலையான வீடோ வழக்கமான வேலையோ இருக்க வேண்டும். சொந்த ஊரை விட்டு வந்து தினக்கூலி செய்பவருக்கு இங்கேயே கதவு பாதி மூடிவிடுகிறது. மறுவாழ்வு அதிகம் தேவைப்படுபவரும் பெரும்பாலும் அவர்தான்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளில் 18 வயதைக் கடந்தவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை.

சிறை நெரிசலுக்கும் இது முழுத் தீர்வாகாது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி, இந்தியச் சிறைகளில் இருந்த சுமார் 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். தீர்ப்பே வராதவர்களுக்கு ப்ரொபேஷன் கிடையாது.

சமூக சேவை வேறயா?

ஆமாம். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் சமூக சேவை ஒரு தண்டனை. முதல் முறை திருடியவர், 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருப்பித் தந்தால் இது பொருந்தும். ப்ரொபேஷனில் தண்டனை விதிப்பதே தள்ளிவைக்கப்படுகிறது. எத்தனை மணி நேர வேலை, யார் மேற்பார்வை என்று அந்தச் சட்டம் விவரமாகச் சொல்லவில்லை.

வேலைக்குப் பாதிப்பு வருமா?

தண்டனைத் தீர்ப்பால் வரும் சட்டரீதியான தகுதியிழப்பு, ப்ரொபேஷனில் விடுவிக்கப்பட்டவருக்கு இல்லை என்கிறது பிரிவு 12. அதற்காக ‘கேஸே இல்லை’ என்று அர்த்தமல்ல; குற்றத் தீர்ப்பு அப்படியே இருக்கும். மத்திய ஆயுதப் படைக் காவலர் ஒருவரின் வழக்கில் 1990-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: துறை நடவடிக்கையைப் பிரிவு 12 தடுக்காது. வேலைக்கான விண்ணப்பத்தில் வழக்கு பற்றிக் கேட்டால் மறைக்காமல் எழுதுவதே பாதுகாப்பு.

தெரிந்த யாராவது இப்படி ஒரு வழக்கில் இருந்தால், தண்டனை அறிவிப்பதற்கு முன்பே வக்கீலிடம் கேளுங்கள்: ‘1958 சட்டப்படி மனு போட்டாச்சா, நன்னடத்தை அலுவலர் அறிக்கை கேட்டாங்களா?’ வீட்டு முகவரி, வேலைச் சான்று, இழப்பீடு தரத் தயார் என்ற உறுதி மூன்றும் கையில் இருந்தால், நீதிபதிக்கு யோசிக்க ஒரு காரணம் கிடைக்கும்.