கவலைச் சாலும் பேராசிரியரும்



எங்கள் வல்லக்கோட்டையில் முருகப்பெருமானைத் தொழுதுவிட்டு ஒரகடம் நோக்கிச் சென்றால், முன்னாளில் ஏரிப் பாசனமும் கவலைக் கிணறுமாய் இருந்த நிலத்தில் இன்று மோட்டார்த் தொழிற்சாலைகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். என்னுடன் நடந்துவந்த கல்லூரி மாணவன் ஒருவன், “ஐயா, பேராசிரியர்களுக்கும் ஆலைகளுக்கும் உறவு ஏற்பட்டது அண்மையில்தானே?” என்று வினவினான். தூர்ந்து கிடந்த கவலைக் கிணறொன்றைக் காட்டியே அவனுக்கு விடை கூறினேன்.

கவலை இறைப்பதற்குத் தோற்சால் வேண்டும். ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோல் ஓயாது நீரில் தோய்ந்தால் நைந்துபோகும். 1888-இல் சென்னைக்குப் பொறியியற் பேராசிரியராக வந்த ஆல்பிரட் சாட்டர்டன், பாடம் சொல்வதோடு அமையாதவர். 1898-இல் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் பட்டறையைத் தொடங்கினார். பின்னர்க் குரோம் பதனீட்டைக் கையிலெடுத்தார். குரோமிய உப்பு தோலின் நார்களோடு இறுகப் பிணைந்து, நீரையும் சூட்டையும் தாங்கும் வன்மையை அளிக்கிறது. பட்டைக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். குரோமுக்குச் சில நாட்களே போதும். செருப்பு, மூடுகாலணி ஆகியவற்றோடு, நம் உழவருக்குக் கவலைச் சாலும் அத்தோலில் செய்யப்பட்டது. இலண்டனில் கற்ற ஒருவர் ஏற்றக் கிணற்றுக்கு வேலை செய்தார் என்பதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பே.

எதிர்ப்பும் எழுந்தது. அரசாங்கம் தங்களுக்குப் போட்டியாகத் தொழில் நடத்துவதா என்று ஐரோப்பிய வணிகர் முறையிட்டனர். இந்தியா மந்திரி மார்லி பிரபு, புதிய முறைகளைக் கற்பிக்கலாம். அரசுப் பணத்தில் வாணிகம் நடத்தலாகாது என்று 1910-இல் ஆணையிட்டார். குரோம் தொழிற்சாலை ரேவா சமஸ்தானத்துக்கு விற்கப்பட்டது. மார்லியின் வாதம் முற்றும் பொருளற்றதன்று. மாதிரிப் பட்டறை எந்த நாளில் கடையாகிவிடுகிறது என்பது இன்றைக்கும் எளிதில் தீராத வினா. ஆனால் முதல் நட்டத்தைத் தாங்க முதலாளி முன்வராத நாட்டில், வேறு யார் தொடங்குவது? 1912-இல் பல்லாவரத்துக்கு அருகே தனியார் குரோம் தோல் ஆலை எழுந்தது. குரோம்பேட்டை என்ற பெயர் அதனால் வந்ததே.

சாட்டர்டன் மைசூருக்குச் சென்றார். 1914-இல் மூண்ட போரால், ஜெர்மனிக்குச் செல்லவேண்டிய சந்தனக்கட்டை மைசூரில் தேங்கிற்று. அவர் பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தின் சட்பரோ, வாட்சன் என்னும் பேராசிரியர்களை நாடினார். அவர்கள் ஆய்வுக்கூடத்தில் தைலம் வடித்துக் காட்ட, 1916-இல் பெங்களூரில் ஆலை இயங்கலாயிற்று.

சுதந்திரத்திற்குப் பின் தோலின் கதை சென்னைக்கே திரும்புகிறது. 1948-இல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1944-இல் தோன்றிய அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரிக்கு அது அண்டை வீடு; தோல் நுட்பம் பயிலும் மாணவர் அங்கே ஆராய்ச்சியாளரிடமே பாடம் கேட்கின்றனர். பின்னாளில் அதன் இயக்குநரான நாயுடம்மா, பதனிடுவோரின் வாயிலுக்கே விஞ்ஞானத்தைக் கொண்டு சென்றவர்.

ஆனால் மறைக்கலாகாத மறுபக்கமும் உண்டு. தொட்டியிலிட்ட குரோமியம் முழுவதையும் தோல் ஏற்பதில்லை. எஞ்சியது கழிவுநீரோடு வெளியேறும். பதனீட்டில் மிகுதியாகச் சேரும் உப்பும் உடன் செல்லும். வேலூர் மாவட்டத்து மக்களின் வழக்கில் 1996-இல் உச்சநீதிமன்றம், மாசு செய்தவரே அதன் செலவை ஏற்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆராய்ச்சி நிலையத்தார் குரோமியத்தை மீட்டு மீண்டும் பயன்படுத்தவும், நீரே இன்றிப் பதனிடவும் முறை கண்டனர். தோலுக்குள் குரோமியம் புகும் வழியை ஒரு தலைமுறை தேடிற்று. அது வெளியேறாதிருக்கும் வழியை இன்னொரு தலைமுறை தேடுகிறது. பாலாற்றுப் படுகையின் பல கிணறுகளில் நீர் இன்னும் உப்புக் கரிக்கிறது.