கையடக்கத் திறன்பேசி

கையடக்கத் திறன்பேசி என்பது ஒரே கையில் பிடித்து, பிடித்த கையின் கட்டைவிரலாலேயே திரை முழுவதையும் எட்டித் தொடக்கூடிய திறன்பேசி. எல்லாரும் ஒப்புக்கொண்ட அளவு என்று இதற்கு ஒன்று கிடையாது. 2012இல் 4 அங்குலத் திரை இயல்பான அளவு. பத்தாண்டு கழித்து 6 அங்குலத்துக்குக் குறைந்ததெல்லாம் சிறியது என்றாகிவிட்டது. திரையின் மூலைவிட்டத்தைப் பார்ப்பதைவிட உடலின் அகலத்தைப் பார்ப்பதே இந்த இனத்தை அறியச் சரியான வழி. கட்டைவிரலுக்குத் தடையாவது அகலம்தான். 2016இல் வந்த ஐபோன் எஸ்இ 58.6 மில்லிமீட்டர் அகலம், 113 கிராம் எடை. இன்று பத்தாயிரம் ரூபாயில் கிடைக்கும் சாதாரண ஆண்ட்ராய்டு பேசி ஏறக்குறைய 77 மில்லிமீட்டர் அகலம். எடை 200 கிராமை ஒட்டி இருக்கும்.

இலங்கைத் தமிழர் செல்பேசியைக் கையடக்கத் தொலைபேசி என்பார்கள். செய்தித்தாளிலும் அரசு அறிவிப்பிலும் அதுவே சொல். தமிழகத்துப் பெயர் கைபேசி. இரண்டு பெயரும் பிறந்தபோது இந்தக் கருவி உண்மையிலேயே கைக்குள் அடங்கியது.

வயலும் மடியும்

திருத்துறைப்பூண்டி திருவாரூர் மாவட்டத்தின் தென்பகுதியில், காவிரிப் பாசனத்தின் கடைமடையில் உள்ள நகராட்சி. குறுவை, சம்பா, தாளடி என்று நெல்லை வைத்தே ஆண்டைக் கணக்கிடும் ஊர்கள் அதைச் சூழ்ந்திருக்கின்றன. சிறு பேசியின் அருமை நகரத்து மேசையில் தெரிவதைவிட இத்தகைய வேலைக்களத்தில் நன்றாகத் தெரியும். வரப்பில் நடக்கும்போது ஒரு கையில் மண்வெட்டியோ குடையோ இருக்கும். மடை அடைத்த கையில் சேறு இருக்கும். பேசுவதற்கு மிஞ்சுவது ஒரு கை.

பேசியை வைத்துக்கொள்ளும் இடம் இன்னொரு சிக்கல். வேட்டிக்குப் பை இல்லை. பட்டாப்பட்டி டிரவுசரின் ஆழமான பை, சட்டை மேல்பை, இடுப்பு மடி, இவ்வளவுதான் ஆண்களுக்கு. பெண்களுக்கு இடுப்பில் செருகிய சுருக்குப்பை. வெற்றிலைபாக்கு, சில்லறை, கடைச்சீட்டு ஆகியவற்றோடு நான்கு அங்குலப் பேசியைப் போட்டுக் கயிற்றை இழுத்தால் பையின் வாய் மூடிக்கொள்ளும். ஆறரை அங்குல நீளமுள்ள இன்றைய பேசியைப் போட்டால் பாதி வெளியே நிற்கும். நடவுக்குக் குனிந்ததும் அது சேற்றில் விழும். அதனால் பல பெண்கள் பேசியை வரப்பில், சோற்றுத் தூக்குக்குப் பக்கத்தில் ஒரு துணியில் சுற்றி வைத்துவிடுகிறார்கள். அழைப்பு வந்தால் சேற்றுக்காலோடு கரையேறி வர வேண்டும்.

இந்த உடல் கணக்கைத் தெரிந்து செய்யப்பட்ட கருவி ஒன்று முன்பு இருந்தது. அது திறன்பேசி அல்ல. 2003இல் வந்த நோக்கியா 1100 வெறும் 86 கிராம் எடை. தூசி புகாத விசைப்பலகை, வழுக்காத பக்கங்கள், தலையில் ஒரு டார்ச் விளக்கு. உலகில் 25 கோடிக்கு மேல் விற்றது. மும்முனை மின்சாரம் இரவில் வரும் நாள்களில் மோட்டார் போடப் போகிறவருக்கு அந்த விளக்கு எவ்வளவு உதவியது என்பதைக் காவிரி டெல்டாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 2006 முதல் நோக்கியா பேசிகள் ஸ்ரீபெரும்புதூரிலேயே தயாராயின. நோக்கியாவின் பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரி வழக்கால் அந்த ஆலை அதில் சேராமல் போய், 2014 நவம்பர் 1ஆம் தேதி மூடப்பட்டது.

நான்கு ஆண்டு கழித்து, 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை வட்டாரங்களில் மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. ஜெனரேட்டர் ஓடிய இடங்களில் காசு கொடுத்துச் செல்லுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டார்கள். பெரிய திரைப் பேசிகள் முதல் நாளே அணைந்துவிட, பழைய பட்டன் போன் வைத்திருந்தவர்களே இரண்டு மூன்று நாள் வெளியூர்ப் பிள்ளைகளோடு பேச முடிந்தது. திறன்பேசிக்கு இந்தத் தாக்குப்பிடிக்கும் சக்தி எந்த அளவிலும் வந்ததில்லை. சிறிய திறன்பேசிக்கு இன்னும் குறைவு. அது மறைந்த கதை இந்த மின்கலத்திலிருந்தே தொடங்குகிறது.

சிறுத்திருந்த காலம்

2007இன் முதல் ஐபோனுக்கு 3.5 அங்குலத் திரை. கை சுற்றிப் பிடிக்க முடியாத அளவில் பேசி செய்தால் யாரும் வாங்கமாட்டார்கள் என்று 2010 சூலையில் ஸ்டீவ் ஜாப்ஸ் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். அடுத்த ஆண்டே சாம்சங் 5.3 அங்குல கேலக்ஸி நோட்டைக் கொண்டுவந்தது. முதலில் கேலி செய்யப்பட்ட அந்தப் பேசி அமோகமாக விற்றது. ஆப்பிளும் 2014இல் 4.7, 5.5 அங்குல ஐபோன்களுக்கு மாறியது.

தமிழகத்தில் முதல் டச் போன் என்று பலர் கையில் எடுத்தது 2011இல் வந்த சாம்சங் கேலக்ஸி ஒய் போன்ற 3 அங்குலப் பேசிகளை. எடை 100 கிராமுக்கும் குறைவு. 2014 செப்டம்பரில் கூகுளின் ஆண்ட்ராய்டு ஒன் திட்டம் உலகிலேயே முதலில் இந்தியாவில் தொடங்கியபோது மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் மூன்றும் 4.5 அங்குலப் பேசிகளைக் கொண்டுவந்தன. 2015 ஆகஸ்டில் லெனோவாவும் மோட்டோரோலாவும் ஸ்ரீபெரும்புதூரில் ஃபிளெக்ஸ்ட்ரானிக்ஸ் ஆலையில் பேசி தயாரிக்கத் தொடங்கின. அங்கே முதலில் தயாரானது மோட்டோ இ-யின் இரண்டாம் தலைமுறை. அதுவும் 4.5 அங்குலம். கைக்கு அடக்கமான ஒரு திறன்பேசி தமிழ்நாட்டு மண்ணிலேயே உருவான காலம் அது. நீடித்தது கொஞ்ச நாள்தான்.

இந்தியாவில் சிறிய திறன்பேசி இரண்டு சாதியாகப் பிரிந்து கிடந்தது. ஒன்று, விலை குறைக்கத் திரையைக் குறைத்தது: நினைவகம் போதாது, கேமரா மங்கல், படம் பார்த்தால் திக்கும். மற்றது, விரும்பிச் சிறிதாகச் செய்தது: சோனி எக்ஸ்பீரியா இசட்3 காம்பேக்ட் 2014இல் 44,990 ரூபாய், ஐபோன் எஸ்இ 2016இல் 39,000 ரூபாய். நடுவே எதுவும் இல்லை. ஆறாயிரம் ரூபாய்ப் பேசியில் நொந்தவர்களுக்குச் சிறியது என்றால் மட்டமானது என்று மனத்தில் பதிந்துவிட்டது. கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் அவர்கள் தேடியது பெரிய திரையை. சிறிய பேசி இங்கே தோற்றதற்கு இந்தப் பிளவுதான் முதல் காரணம் என்று கொள்ளலாம். அளவு பிடிக்காமல் போனவர்களைவிட, நல்ல சிறு பேசியைத் தொட்டே பார்க்காதவர்கள் மிகப் பலர்.

மறைவு

2016 செப்டம்பரில் ஜியோவின் 4ஜி சேவை வந்தது. அதுவரை 1 ஜிபி இணையத்துக்கு 250 ரூபாய் அளவில் கொடுத்தவர்கள் ஒரே நாளில் 1 ஜிபி வரை பயன்படுத்தத் தொடங்கினார்கள். பாட்டும் படமும் மட்டைப் பந்தாட்டமும் பேசிக்குள் வந்தன. 2017 சனவரியில் ஷாவ்மி ரெட்மி நோட் 4ஐ 5.5 அங்குலத் திரையோடு 9,999 ரூபாய்க்கு விற்றது. 2020இல் பள்ளிகள் மூடி வகுப்புகள் பேசிக்கு மாறியபோது வீட்டுக்கு ஒரு பெரிய திரை கட்டாயத் தேவையானது. தொலைக்காட்சி, பாடப்புத்தகம், வங்கிப் புத்தகம் மூன்றும் சேர்ந்த ஒரு கருவி சிறிதாக இருக்க வேண்டும் என்று கேட்பவர் குறைந்தார்கள்.

பொறியியல் காரணமும் வலுவானது. பேசி சிறுத்தால் திரை குடிக்கும் மின்சாரம் குறையும். ஆனால் செயலி, 5ஜி மோடம், கேமரா ஆகியவற்றின் பசி அப்படியே இருக்கும். 2020இல் 5.4 அங்குல ஐபோன் 12 மினி வந்தது. அதன் மின்கலம் 2,227 மில்லிஆம்பியர்-மணி. அதே செயலியைக் கொண்ட 6.1 அங்குல ஐபோன் 12க்கு 2,815. மாலைக்குள் மினி படுத்துவிடுகிறது என்ற குறை நியாயமானது. கேமரா வில்லைகளுக்கும் சூடு பரவுவதற்கும் இடம் வேண்டும். சிறிதாகச் செய்வதால் தயாரிப்புச் செலவும் பெரிதாகக் குறைவதில்லை. வாங்குபவரோ சிறியதற்குக் குறைந்த விலைதான் தர விரும்புகிறார். மினியின் இந்திய அறிமுக விலை 69,900 ரூபாய்.

133 கிராமில் முழுவலிமையுள்ள பேசி என்று மினியைக் கொண்டாடியவர்கள் உண்டு. ஆனால் 2020 அக்டோபர், நவம்பர் மாதங்களில் அமெரிக்காவில் விற்ற ஐபோன்களில் அதன் பங்கு 6 விழுக்காடுதான் என்று சிஐஆர்பி ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. 2021இல் 13 மினி வந்ததோடு அந்த வரிசை முடிந்தது. 2022 செப்டம்பரில் ஐபோன் 14 வரிசையில் மினியின் இடத்துக்கு 6.7 அங்குல பிளஸ் அறிவிக்கப்பட்டது. அதே மாதம்தான் ஐபோன் 14 ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் தயாராகத் தொடங்கியது. அந்த ஆலையின் தொழிலாளரில் பெரும்பகுதி இளம்பெண்கள். சிறிய கைகளுக்கு ஏற்ற பேசி நிறுத்தப்பட்ட தலைமுறையை அவர்கள் கைகளே பூட்டி அனுப்பின.

மற்ற நிறுவனங்களும் அப்படியே. சோனியின் காம்பேக்ட் வரிசை 2018இல் 5 அங்குல எக்ஸ்இசட்2 காம்பேக்டோடு நின்றது. ஏசஸின் 5.9 அங்குல சென்ஃபோன் 10க்கு அடுத்து 2024இல் வந்தது 6.78 அங்குலம். 2025 பிப்ரவரியில் எஸ்இ வரிசைக்குப் பதிலாக 6.1 அங்குல ஐபோன் 16இ வந்தது. சீனாவின் யூனிஹெர்ட்ஸ் போன்ற சிறு நிறுவனங்கள் உள்ளங்கைக்குள் ஒளியும் பேசிகளை இன்னும் செய்கின்றன, கடைத்தெருவில் கிடைப்பதில்லை.

தேடுவோர்

2022 மே மாதம் பெபிள் கைக்கடிகாரத்தை உருவாக்கிய எரிக் மிகிகோவ்ஸ்கி, 6 அங்குலத்துக்குக் குறைந்த நல்ல ஆண்ட்ராய்டு பேசி வேண்டும் என்று கையொப்பம் திரட்டினார். 50,000 பேர் சேர்ந்தால் ஒரு தயாரிப்பாளரை இணங்கவைக்கலாம் என்பது அவர் கணக்கு. பல்லாயிரம் பேர் பெயர் கொடுத்தார்கள். பேசி வரவில்லை.

திருத்துறைப்பூண்டிக்காரருக்கு இந்த இடத்தில் வேறொரு மீட்பு நினைவுக்கு வரும். ஊருக்கு அருகே ஆதிரெங்கத்தில் 2006இல் நெல் திருவிழா தொடங்கியது. மறைந்த நெல் ஜெயராமன் நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளைத் தேடித் திரட்டி அங்கே பரப்பினார். 2 கிலோ விதை வாங்கிச் செல்பவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. காட்டுயானம் என்ற நெல்லை விரும்புபவர் ஊருக்கு ஒருவர் இருந்தாலும் அது பிழைக்கும்; அவர் வயலிலேயே விதை பெருகிவிடும். பேசிக்கு அந்த வழி கிடையாது. ஒரு திரை அளவுக்கு அச்சு வார்க்க, மின்கலம் வடிக்க, ஆலையில் ஒரு வரிசை ஒதுக்க, ஒரே நேரத்தில் பல லட்சம் பேர் ஒரே இடத்தில் வாங்க நிற்க வேண்டும். விருப்பம் சிதறிக் கிடந்தால் ஆலைக்கு அது விருப்பமாகவே தெரியாது. உலகம் முழுவதும் சேர்த்தால் கணிசமாக இருக்கும் ஒரு கூட்டம், கடைக்கு ஒருவராகப் பிரிந்து கேட்பதால் தோற்கிறது.

கேட்பவர்களின் காரணம் வெறும் பழைய நினைப்பு அல்ல. 2013இல் ஸ்டீவன் ஹூபர் தெருவிலும் பேருந்திலும் 1,333 பேர் பேசியைப் பயன்படுத்துவதைக் கவனித்தார். திரையைத் தொட்டு இயக்கியவர்களில் 49 விழுக்காட்டினர் ஒரே கையால்தான் இயக்கினார்கள். பெண்களின் கை சராசரியாக ஆண்களின் கையைவிடச் சிறியது. 2018இல் 4 அங்குல எஸ்இ நிறுத்தப்பட்டபோது பிரிட்டனில் பெண்ணுரிமையாளர்கள் ஆப்பிளை வெளிப்படையாகக் கண்டித்தார்கள். சுண்டுவிரலை அடியில் முட்டுக்கொடுத்துப் பெரிய பேசியைத் தாங்குவதால் வரும் வலி பலருக்கும் தெரிந்ததே.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை; உயிரும் மெய்யும் நெருக்கிய விசைப்பலகை மூன்று அங்குலத் திரையில் விரலுக்குச் சிக்காது. 2005 சனவரி 15ஆம் தேதி மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் சிங்கப்பூரில் வெளியானபோது, எண்விசையுள்ள குட்டிப் பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்ப முடிந்ததே பெருஞ்செயலாக இருந்தது. இன்று கண்புரை அறுவை செய்துகொண்ட பெரியவர் எழுத்தைப் பெரிதாக்கிப் பேரனின் செய்தியைத் தானே படிக்கிறார் என்றால் அதற்குப் பெரிய திரையே காரணம். அதை யாரும் அவரிடமிருந்து பிடுங்கச் சொல்லவில்லை. கடையில் இரண்டும் இருக்க வேண்டும் என்பதே கோரிக்கை.

பழைய சிறு பேசியைப் பத்திரப்படுத்தியவர்களையும் காலம் துரத்துகிறது. கேலக்ஸி ஒய் கால ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் 2020 பிப்ரவரியில் நின்றது. 4 அங்குல ஐபோன் 5எஸ்ஸில் 2025 மேயில். 2023 சனவரி முதல் நூறு நாள் வேலைத் திட்டத்தில் வருகைப் பதிவே செயலியில் புகைப்படம் எடுத்துத்தான் என்றானதால், பணித்தளப் பொறுப்பாளரான பெண்ணுக்குப் புதிய பேசி வேண்டியதாயிற்று. புதியது என்றால் பெரியது. உப்பிப்போன மின்கலத்தோடு பழைய பேசியைக் கொண்டுபோனால், பழுதுபார்ப்பவர் மாற்று மின்கலம் இல்லை என்று கையை விரித்துவிடுகிறார். டிஸ்ப்ளே போனால் இன்னும் கடினம்.

டெல்டாவில் பலர் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள்: ஆளுக்கு இரண்டு பேசி. பெரிய டச் போன் வீட்டு அலமாரியில், கண்ணாடித் தாளும் ரப்பர் உறையும் போட்டு, சார்ஜரோடு இருக்கும். கொள்முதல் நிலையப் பதிவுக்கும் உழவன் செயலிக்கும் பிள்ளைகளின் காணொளி அழைப்புக்கும் அது. வயலுக்குப் போவது பட்டன் போன். 2022 மார்ச்சில் பட்டன் போனிலும் பணம் அனுப்ப யுபிஐ 123பே வந்தது. 2023 சூலையில் ஜியோ நிறுவனம் ஜியோ பாரத் என்ற 4ஜி பட்டன் போனை 999 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. காலை ஆறு மணிக்கு மடையைத் திறந்துவிட்டு வரப்பில் நிற்பவரின் மடியில் அது மணியடிக்கிறது. ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, பார்க்காமலேயே கட்டைவிரலால் பச்சைப் பொத்தானை அமுக்கிக் காதில் வைக்கிறார். மறு கையில் மண்வெட்டி அப்படியே இருக்கிறது.