மாவுப்பூச்சியை அடக்கிய குளவி



உடுமலைப் பக்கம் மல்பெரி வைத்திருக்கிறவர்களுக்கு 2009, 2010-ஆம் ஆண்டுகள் மறந்திருக்காது. குருத்து சுருண்டு, தண்டெல்லாம் வெள்ளை மாவு அப்பி, பட்டுப்புழுவுக்குப் போட இலை இல்லாமல் போன காலம் அது. செடியையே பிடுங்கிப் போட்டவர்களும் உண்டு.

இந்தப் பப்பாளி மாவுப்பூச்சி நம்ம ஊர்ப் பூச்சி அல்ல. மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும்தான் அதன் பிறப்பிடம். இந்தியாவில் முதன்முதலாகக் கண்டது 2008-இல், கோயமுத்தூரில், பப்பாளி மரத்தில். அப்புறம் மல்பெரி, குச்சிக்கிழங்கு, பருத்தி, செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. வேலியோரப் பார்த்தீனியத்தில்கூடக் குடியிருந்தது. மருந்தடித்துப் பார்த்தார்கள். மேலே இருக்கிற மெழுகு மாவு மருந்தை உள்ளே விடவில்லை. மல்பெரிக்கு அடித்தாலோ, அந்த இலையைத் தின்கிற பட்டுப்புழு அல்லவா சாகும்!

சரி, சொந்த ஊரில் இது ஏன் இப்படி ஆட்டம் போடவில்லை? அங்கே இதை அடக்கும் ஒட்டுண்ணிக் குளவிகள் உண்டு. இங்கே பூச்சி மட்டும் வந்தது, எதிரி வரவில்லை. ஆகவே அமெரிக்க விவசாயத் துறை பியூர்ட்டோ ரிக்கோ தீவில் வளர்த்து வந்த மூன்று வகைக் குளவிகளை, 2010 ஜூலையில், வேளாண் முக்கியத்துவம் வாய்ந்த பூச்சிகளுக்கான தேசியப் பணியகம் பெங்களூருக்குத் தருவித்தது.

வந்ததும் திறந்துவிட முடியாது. ஏனென்றால், குளவிக்கும் குளவி உண்டு. மாவுப்பூச்சிக்குள் வளரும் நல்ல குளவியின் புழுவையே தின்று வளரும் சார்ட்டோசெரஸ் போன்ற இனங்கள் கூடவே ஒளிந்து வந்துவிட்டால், பட்ட பாடெல்லாம் வீண். அதனால் மூடிய கூடத்தில் வளர்த்துச் சோதித்து, அக்டோபரில்தான் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் வெளியே விடத் தொடங்கினார்கள். பிறகு விவசாயிகளின் தோட்டங்களுக்கும் வந்தது.

மூன்றில் நன்றாக நிலைத்தது அசிரோபேகஸ் பப்பாயே. பெயர்தான் நீளம், ஆள் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மனிதரைக் கொட்டாது. பெண் குளவி இளம் மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். பொரிந்த புழு உள்ளேயே அதைத் தின்று தீர்க்கும். மாவுப்பூச்சி பழுப்பாக உப்பி வெறும் கூடாகிவிடும். அதில் ஓட்டை போட்டுக்கொண்டு புதுக் குளவி வெளியே வரும். 2011-க்குள் பெரும்பாலான தோட்டங்களில் பூச்சி அடங்கிவிட்டது. மருந்துக் கடைப் பக்கம் போகாமலே தீர்ந்த இவ்வளவு பெரிய தொல்லையை நான் வேறு பார்த்ததில்லை.

இன்றைக்கும் மாவுப்பூச்சி அங்கங்கே தலைகாட்டும். கண்டவுடன் தெளிப்பானைத் தோளில் மாட்டாமல், இலையைத் திருப்பிப் பாருங்கள். பழுப்புக் கூடுகள் இருந்தால் குளவி வேலை செய்கிறது என்று அர்த்தம். அந்த இலையைப் பறித்து எரிக்க வேண்டாம். எறும்புச் சாரை இருக்கிறதா என்றும் பாருங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு காவல் நின்று, குளவியை அண்டவிடாது.